வெளிநாட்டுக் காசு எந்த வழியாக வருகிறது? ஒலுவில் துறைமுகத்திலிருந்து தோட்டத்துக்கு ஒரு பாடம்



போன மாதம் ஒரு நாள் பின்நேரம், கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு அக்கா என்னைப் பிடித்துக் கொண்டார். "ஐயா, ஐரோப்பா நாடெல்லாம் உதவிக் காசைக் கொறைக்குதாம், ரேடியோவுல சொன்னாங்க. நமக்கு எப்ப குடுத்தாங்க, இப்ப கொறைக்கிறதுக்கு?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இராத்திரி குவாட்டர்ஸுக்கு வந்து யோசித்தபோது அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று பட்டது. அந்த அக்காவுக்கு நான் அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இந்த மாதப் பாடம் அவருக்கான பதில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொடுத்திருக்கிறார்கள். 1980களிலும் 90களிலும் நம் தோட்டங்களில் பல இடங்களில் கட்டப்பட்ட கக்கூசு, இழுத்த தண்ணீர்க் குழாய், திருத்திய புள்ளக்காம்பரா இவற்றுக்குப் பின்னால் நெதர்லாந்து, நோர்வே அரசுகளின் பணம் இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்த பிறகு, ஒரே அறையில் ஐந்து வகுப்பு நடந்த அந்தப் பள்ளிகளுக்குக் கட்டடம் கட்டவும் ஆசிரியர்களைப் பயிற்றவும் சுவீடன் நாடு நெடுங்காலம் உதவியது. கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் இருக்கிற ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி ஜேர்மனியின் உதவியோடு உருவானது. இன்று நம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற டீச்சர்மாரில் பலர் அங்கே படித்தவர்கள். ஆகவே அந்த அக்காவின் வீட்டுக்கும் ஏதோ ஒரு வழியில் அந்தக் காசு வந்துதான் இருக்கிறது. யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாங்கள் உத்தியோகத்தர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

இனி, வெளிநாட்டு உதவி என்று ஒரே பெயரில் சொல்கிறோமே, அதற்குள் மூன்று வேறு வேறு சாமான் இருக்கிறது. ஒன்று நன்கொடை, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. நான் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி அந்த வகை. இரண்டாவது கடன், வட்டி குறைவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆனால் முதலைக் கட்டியே ஆக வேண்டும். மூன்றாவது வியாபாரச் சலுகை. கையில் காசு தருவதில்லை, ஆனால் எங்கள் நாட்டுச் சாமானை வரியில்லாமல் தங்கள் சந்தைக்குள் விடுகிறார்கள். பேப்பரில் 'உதவி' என்று எழுதினால் இந்த மூன்றில் எது என்று முதலில் பார்க்க வேண்டும். அநேகமான நேரம் செய்தியில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

தோட்டத்துக்கு வந்தது பெரும்பாலும் நன்கொடை, அதுவும் சின்னச் சின்னத் தொகை. கடன் வகை உதவி ஒரு ஊருக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதை நான் என் சொந்த ஊர்ப் பக்கத்தில் கண்ணால் பார்த்தேன். ஐரோப்பாவின் உதவி இனிமேல் அதிகமாக அந்த வகையில்தான் வரப்போகிறது. அதனால் மலையிலிருக்கிற நீங்கள் கொஞ்ச நேரம் கடற்கரைக்கு என்னோடு வர வேண்டும்.

நான் பிறந்தது அட்டாளைச்சேனையில். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகிற பெரிய ரோட்டில் காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை என்று தாண்டி வந்தால் எங்கள் ஊர். ஒரு பக்கம் வயல், மறு பக்கம் கடல். ஒலுவில் எங்கள் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் இருக்கிற ஊர். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அங்கே ஒரு துறைமுகம் வர வேண்டும் என்பது மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் கனவு. 1994இல் துறைமுக அமைச்சரான பிறகு அதற்கு அடிபோட்டார். வெளிச்சவீடு எழும்பியது. 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். துறைமுகம் பேச்சிலேயே நின்றது.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமியில் இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் பூராவும் கல்லும் கம்பியுமாகக் கிடந்தது. உலகம் பூராவும் இருந்து காசு வந்தது. அந்தச் சுனாமி உதவியைப் பின்னால் கணக்குப் பார்த்தவர்கள் 2006இல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,000 டொலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. அதே 2004இல் பங்களாதேஷில் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் செலவானது 3 டொலர் என்று அதில் இருந்தது. டெலிவிஷனில் தெரிந்த துயரத்துக்கு ஒரு விலை, தெரியாத துயரத்துக்கு வேறு விலை. தோட்டத்தில் மண்சரிவில் லயம் போனால் எத்தனை கமெரா வருகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தக் காலத்தில்தான் ஒலுவில் துறைமுகம் மறுபடி உயிர் பெற்றது. டென்மார்க்கின் உதவி. தொகை 4 கோடியே 61 இலட்சம் யூரோ. 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ திறந்து வைத்தார். கப்பல் துறை ஒரு பக்கம், மீன்பிடித் துறை ஒரு பக்கம். ஊரில் பெரிய சந்தோஷம். வேலை வரும், கடை வரும், ஆழ்கடல் படகு வைத்திருக்கிறவனுக்கு இனி கவலையில்லை என்று பேசிக் கொண்டார்கள். நானும் அப்படித்தான் பேசினேன்.

டென்மார்க் கொடுத்தது எந்த வகை உதவி? அதற்குக் கலப்புக் கடன் என்று பெயர். டென்மார்க்கில் இருக்கிற ஒரு வங்கி இலங்கை அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கிறது. அந்தக் கடனின் வட்டியை டென்மார்க் அரசாங்கம் தன் உதவி நிதியிலிருந்து வங்கிக்குக் கட்டிவிடும். நாங்கள் முதலை மட்டும் கட்டினால் போதும். கேட்கும்போது நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: வேலையை டென்மார்க் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும். அப்படியே எம்.டி. ஹோய்கார்ட் என்ற டென்மார்க் கம்பெனி கட்டியது. கடைக்காரர் வட்டியில்லாமல் கொப்பியில் எழுதிக் கொள்கிறார், ஆனால் சாமானை அவர் கடையிலேதான் வாங்க வேண்டும், விலையும் அவர் சொல்கிற விலை. தோட்டத்துச் சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இப்படிக் கட்டிப் போட்ட உதவியில் ஒரு வேலைக்கு ஆகும் செலவு நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது வரை கூடிவிடுகிறது என்று பணக்கார நாடுகளின் சொந்த அமைப்பான ஓ.ஈ.சி.டி.யே சொல்லியிருக்கிறது. 2001இல் அந்த நாடுகள் கூடி, மிக வறிய நாடுகளுக்குக் கொடுக்கும் உதவியை இப்படிக் கட்டிப் போடுவதில்லை என்று ஒரு இணக்கத்துக்கு வந்தன. இலங்கை அந்த 'மிக வறிய' பட்டியலில் இல்லை. ஆகவே அந்த இணக்கம் எங்களுக்குப் பொருந்தவில்லை.

டென்மார்க் கெட்ட நாடு என்று நான் சொல்ல வரவில்லை. தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை வறிய நாடுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1970இல் வைத்த இலக்கை விடாமல் எட்டி வருகிற நாலைந்து நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று. கொடுக்கிற மனசுள்ள நாடுதான். அப்படிப்பட்ட நாட்டின் உதவியிலேயே இது நடந்தது என்பதுதான் நாங்கள் படிக்க வேண்டிய இடம்.

என்ன நடந்தது? மணல் ஓடுகிற விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் கரையில் அலை நேராக வந்து அடிப்பதில்லை, சரிந்து அடிக்கும். அப்படி அடிக்கும்போது மணலைக் கரையோரமாக இழுத்துக் கொண்டு போகும். ஒரு காலம் இப்படிப் போகும், மற்றக் காலம் அப்படிப் போகும். ஆனால் வருடக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்குப் பக்கம் போவதுதான் அதிகம். கரை நிற்பது போலத் தெரியும், உண்மையில் அது ஓடிக் கொண்டே இருக்கிறது. தெற்கிலிருந்து வருகிற மணல் வடக்கில் போன மணலின் இடத்தை நிரப்பும். இதற்கு நடுவில் கடலுக்குள் நீளமாகக் கல் அணை போட்டால் மணல் அணையில் தடுபட்டு நிற்கும். தெற்குப் பக்கம் மணல் மேடு வளரும். வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராது. ஆனால் அங்கே அலை வழமை போல மணலை இழுத்துக் கொண்டுதான் இருக்கும். வரவில்லாமல் செலவு மட்டும் நடந்தால் வீடு என்ன ஆகும்? மலையில் கான் அடைபட்டால் அடைபட்ட இடத்தில் மண் குவிந்து, தண்ணீர் வேறு பக்கம் உடைத்துக் கொண்டு போய் நல்ல மலையை அரிக்கிறதே, அந்த மாதிரி.

ஒலுவிலில் அதுதான் நடந்தது. துறைமுகத்துக்கு வடக்கே கரை அரித்தது. தென்னை சரிந்தது, மீனவர்களின் வாடி போனது, காணி போனது, நிந்தவூர்ப் பக்கம் வரை கடல் உள்ளே வந்தது. கல் கொட்டினார்கள், கல் கொட்டின இடம் நின்றது, அதற்கு அடுத்த இடம் அரித்தது. இது ஒரு பக்கம். மறு பக்கம், துறைமுக வாயிலேயே மணல் வந்து சேர்ந்தது. சில வருடத்துக்குள் பெரிய படகுகள் உள்ளே வர முடியாத அளவுக்கு வாய் அடைத்தது. வர்த்தகக் கப்பல்கள் வழமையாக வந்து போகும் துறைமுகமாக அது ஆகவே இல்லை. ஆழ்கடல் படகுக்காரர்கள் வடக்கே வாழைச்சேனை வரைக்கும் போய்ப் படகைக் கட்ட வேண்டி வந்தது.

ஒரு நோன்புப் பெருநாளைக்கு ஊருக்குப் போனபோது அஸருக்குப் பிறகு ஒலுவில் கரைக்கு நடந்தேன். வலை பொத்திக் கொண்டிருந்த ஒரு காக்கா சொன்னார்: "மணல அள்ளித் தந்தாத்தான் தம்பி எங்களுக்குச் சீவியம். வாய் மூடின துறைமுகத்துக்குள்ள எப்பிடிப் போட்டக் கொண்டு போற?" கொஞ்சம் தள்ளி, வளவின் பாதியைக் கடலுக்குக் கொடுத்த ஒரு பெரியவர் வேலிக் கட்டையைக் காட்டிச் சொன்னார்: "அள்ளுற மணல எங்கட கரையில கொண்டு வந்து போடுற எண்டா அள்ளட்டும். வேற எங்கயும் கொண்டு போறதெண்டா அள்ள விட மாட்டம்." இருவரும் ஒரே ஊர், ஒரே பள்ளிவாசலில் ஒரே வரிசையில் தொழுகிறவர்கள். மணல் அள்ளுவது பற்றி ஊருக்குள் கூட்டமும் மறியலுமாகப் பல வருடம் இழுபட்டது. அந்த இரண்டு பேர் சொன்னதும் நியாயம். என்னைக் கேட்டால், போன காணியை விட இந்தப் பகைதான் பெரிய நட்டம்.

யாரிடம் போய்க் கேட்பது? கட்டின கம்பெனி கட்டி முடித்துப் போய்விட்டது. கடன் கொடுத்த வங்கிக்குத் தவணைதான் கணக்கு. துறைமுகம் ஒரு அதிகார சபையின் கையில், மீன்பிடி இன்னொரு கூட்டுத்தாபனத்தின் கையில், கரையோரப் பாதுகாப்பு வேறொரு திணைக்களத்தின் கையில். கரையில் நிற்கிறவனுக்கு இந்தப் பிரிவினை விளங்காது. அவனுக்குக் கடல் ஒன்றுதான்.

ஐரோப்பாக் காசு மட்டும்தான் இப்படி என்று நினைத்து விடாதீர்கள். எங்கள் ஊருக்குத் தெற்கே அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியில் வீடிழந்த குடும்பங்களுக்கென்று சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் கட்டினார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து. யாருக்குக் கொடுப்பது என்பதில் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், எல்லா இனத்தாருக்கும் விகிதப்படி பகிர வேண்டும் என்று தீர்ப்பாகி, பத்து வருடத்துக்கு மேல் வீடுகள் பூட்டியபடி காடு பிடித்துக் கிடந்தன. ஜன்னலும் கதவும் களவு போயின. வீட்டுக்காகக் காத்திருந்த சிலர் மௌத்தாகியும் போனார்கள். கொடுத்த நாடு கொடுத்துவிட்டது, கட்டினவன் கட்டிவிட்டான். யாருக்கு என்பதை முதலிலேயே எல்லோரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்காததால் வந்த வினை.

இப்படி மற்றவர்களைப் பற்றி எழுதிவிட்டு என் கதையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. தோட்டத்தின் பெயர் வேண்டாம், காசு கொடுத்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். நான் உத்தியோகத்துக்கு வந்த புதிது. வெளிநாட்டு உதவியில் லயத்துக்குக் கக்கூசு கட்டுகிற திட்டம் ஒன்று வந்தது. படிவத்தில் ஒரு கேள்வி: 'பயன்பெறும் மக்களுடன் கலந்து பேசப்பட்டதா?' நான் காலையில் பிரட்டுக்களத்தில் போய் நின்று, "கக்கூசு வேணுமா?" என்று கேட்டேன். வேலைக்கு நேரமாகிற அவசரத்தில் எல்லோரும் "வேணும் ஐயா" என்றார்கள். படிவத்தில் 'ஆம்' என்று போட்டேன். வருட முடிவுக்குள் காசைச் செலவழிக்க வேண்டும் என்று மேலிருந்து நெருக்குதல் வேறு. கட்டி முடித்தோம். வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, போட்டோ எடுத்து அனுப்பினேன். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். ஒரு பாட்டி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "பீலியில இருந்து குடத்துல தூக்கிட்டு வர்ற தண்ணிய சோறாக்கவா, இதுல ஊத்தவா சாமி?" பீலி இருந்தது அரைக் கட்டை தூரத்தில், அதுவும் ஏற்றம். முதலில் குழாய், பிறகு கக்கூசு என்று எந்தப் பொம்பளையிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். நான் பொம்பளைகளிடம் தனியாகக் கேட்கவில்லை. கேட்டதாக எழுதினேன்.

2005 மார்ச் மாதம் பாரிஸ் நகரத்தில் கொடுக்கிற நாடுகளும் வாங்குகிற நாடுகளும் கூடி ஒரு பிரகடனம் செய்தன. திட்டம் வாங்குகிறவர்களுக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும், கொடுக்கிறவர் இழுக்கிற பக்கம் போகக் கூடாது என்பது அதன் முதல் அம்சம். நல்ல வார்த்தை. ஆனால் 'வாங்குகிறவர்' என்று அதில் சொல்லியிருப்பது நாட்டின் அரசாங்கத்தை. பீலியில் நிற்கிற பாட்டி வரைக்கும் அது இறங்கி வர வேண்டுமானால் நடுவில் என்னைப் போன்ற ஆட்கள் ஒழுங்காக இருக்க வேண்டும்.

சரி, ரேடியோச் செய்திக்கு வருவோம். குறைப்பது உண்மைதானா என்றால் உண்மைதான். பணக்கார நாடுகள் 2024இல் கொடுத்த மொத்த அபிவிருத்தி உதவி ஏறத்தாழ 21,200 கோடி டொலர். பெரிய தொகையாகத் தெரிந்தாலும் அது முந்திய வருடத்தை விட நூற்றுக்கு 7.1 குறைவு. 2025இல் அமெரிக்கா தன் யூ.எஸ்.எயிட் நிறுவனத்தையே மூடிவிட்டது. பிரித்தானியா தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027இல் 0.3 ஆக்கப் போவதாக 2025 பெப்ரவரியில் அறிவித்து, அந்தக் காசை இராணுவத்துக்குத் திருப்பியது. ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய நாடுகளும் வெட்டியிருக்கின்றன. 2022இல் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்த பிறகு ஐரோப்பாவின் கவலை மாறிவிட்டது. அகதிகளைப் பராமரிக்கவும் ஆயுதம் வாங்கவும் காசு தேவை. அங்கேயும் சாமான் விலை கூடி, எங்கள் வரிப்பணத்தை ஏன் வெளியே கொடுக்கிறீர்கள் என்று அவர்களுடைய சனமும் கேட்கிறது.

குறைந்தது ஒரு பக்கம். உதவியின் முகமும் மாறுகிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 டிசம்பரில் 'உலக நுழைவாயில்' என்ற பொருள் வருகிற பெயரில் ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தது. 2027க்குள் 30,000 கோடி யூரோ வரை முதலீடு திரட்டுவது அப்போதைய நோக்கம். துறைமுகம், ரெயில்பாதை, மின்சாரம், கடலுக்கடியில் போகும் கேபிள் இப்படியான வேலைகளுக்கு. சீனா உலகம் பூராவும் ரோடும் துறைமுகமும் கட்டுவதற்குப் பதிலாக ஐரோப்பா போட்ட திட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதில் பெரும் பகுதி நன்கொடை அல்ல. வங்கிக் கடன், கடனுக்கு உத்தரவாதம், ஐரோப்பியக் கம்பெனிகளின் முதலீடு. கக்கூசு, பள்ளிக்கூடம், தாய் சேய் நலம் என்பதெல்லாம் அதில் வரலாம், ஆனால் இலாபம் தராத வேலைக்கு எந்தக் கம்பெனி முன்வரும்? ஒலுவிலில் நான் கண்ட வகை உதவி இனி விதிவிலக்காக இருக்காது, அதுவே வழமையாகலாம். அதனால்தான் உங்களைக் கடற்கரைக்குக் கூட்டிக் கொண்டு போனேன்.

கடன் என்றால் இலங்கைக்கு இப்போது தனிப் பயம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கைவிரித்தது. அந்த வருடம் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் நின்ற வரிசையை யாரும் மறக்க மாட்டீர்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் தர ஒப்புக் கொண்டது. தவணை தவணையாக, நிபந்தனையோடு. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையில் கடன் கொடுத்த நாடுகள் கூடி 2024 ஜூனில் தவணையை நீட்டிக் கொடுத்தன. எந்தத் துறைமுகத்துக்கு வாங்கினது, எந்த ரோட்டுக்கு வாங்கினது என்று கேட்காமல் எல்லாக் கடனும் ஒரே மூட்டையாக எல்லோர் தலையிலும் ஏறியது. ஒலுவில் துறைமுகத்தைக் கண்ணால் காணாத நீங்களும் கடையில் வரி கட்டும்போது அதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள்.

மூன்றாவது வகை, வியாபாரச் சலுகை. ஜீ.எஸ்.பி. பிளஸ் என்று செய்தியில் வருவது இதுதான். சுனாமிக்குப் பிறகு 2005 ஜூலையில் ஐரோப்பா இலங்கைக்கு இதைக் கொடுத்தது. 2010 ஓகஸ்டில் மனித உரிமைக் குறைபாட்டைக் காட்டி நிறுத்தியது. 2017 மே மாதம் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் காரணம் காட்டி, இதைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிக்கும்படி தீர்மானம் போட்டது. தொழிலாளர் உரிமை, மனித உரிமை, சுற்றாடல் பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை நாடு மதித்து நடக்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. இதனால் தேயிலைக்கு என்ன இலாபம் என்று கேட்டால், நேரடியாகப் பெரிதாக ஒன்றும் இல்லை. கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பாவில் எப்படியும் சுங்கவரி கிடையாது. இலாபம் ஆடைத் தொழிலுக்கு. ஆனால் நம் லயத்துப் பொம்பளப் பிள்ளைகள் எத்தனை பேர் கொழும்பிலும் கட்டுநாயக்காவிலும் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள்! சலுகை போனால் ஓடர் குறையும், ஓடர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு வருவது அந்தப் பிள்ளைகள். தப்புச் செய்தவன் ஒருவன், தண்டனை வேறு ஆளுக்கு என்று சிலர் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயம்தான். ஆனாலும் சங்கம் சேரும் உரிமை, சம சம்பளம், பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்பவையும் அந்த 27க்குள் இருக்கின்றன. ஐரோப்பாக்காரர்கள் நிலைமையைப் பார்க்க வரும்போது தொழிற்சங்கங்களையும் சந்திக்கிறார்கள். நம் தோட்டத்து நிலவரம் அந்தக் காதுக்குப் போக வேண்டுமானால் தலைவர்மார் அதைச் சொல்ல வேண்டும், தலைவர்மாருக்கு நீங்கள் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடத்துக்கென்று தோட்டத்துக்குத் தண்ணீர்த் திட்டம் ஒன்று பேச்சில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை புள்ளக்காம்பராவில் பொம்பளைகளை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்து, வந்த கடிதத்தைத் தமிழில் வரி வரியாக வாசித்தேன். தேத்தண்ணி ஆறிப் போகும் வரை ஒருவரும் பேசவில்லை. பிறகு, கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்னைப் பிடித்த அதே அக்காதான் தொடங்கினார். இது தர்மமா கடனா என்று கேட்டார். தர்மம் என்றேன், கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. தொட்டி எந்த மலையில் வைக்கிறீர்கள், மேட்டு லயத்துக்கு ஏறுமா என்று இன்னொருவர் கேட்டார். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். ஏறாது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். தொட்டியை எங்கே வைக்க வேண்டும் என்று இரண்டு பேர் விரலை வைத்துக் காட்டினார்கள். அதைச் சிவப்புப் பேனையால் குறித்து அனுப்பியிருக்கிறேன்.

கடைசியாக அந்த அக்கா கேட்டது: "பைப் ஒடஞ்சா யாரு செய்வா ஐயா? கட்டினவங்களா, தொரையா, நம்மளா?" கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மேலே எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இந்தப் பக்கத்தில் போடுவேன். வராவிட்டால், வரவில்லை என்று போடுவேன்.